கோமதி அக்கா நக்கிப் பார்த்த சுவர்

"கோமதி போயிட்டாடே" என்று கோமதி அக்காவின் கணவர் தொலைபேசியில் சொன்னபோது நான் கரமனைப் பேருந்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். பிறகு அவர், "மாலை போட ஒரு படம் வேணும். நீ எடுத்த படத்துல எல்லாம் செவரப் பாத்து நிக்கா. ஒண்ணுலயாவது மூஞ்சி இருக்கா?" என்றார். இல்லை. கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கினோம். அஞ்சலிக்கு வந்த நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாரையோ கைது செய்யப்போகிறவர் போல இருந்தார்.

அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர் அக்கா என்பது உங்களுக்குத் தெரியும். ரயில் பாதையோரம் இருந்த பழைய சரக்குக் கொட்டகை அவரை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பது எனக்குத்தான் தெரியும். அதை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. யார் கட்டியது, எப்படிக் கட்டியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "பேரு ஊரு கேக்காம ஒரு ஆளக் கொல்லலாமா?" என்றார் அக்கா. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஸ்கூட்டரின் பின்னிருக்கை அவருடையதாயிற்று.

கொட்டகையின் வடக்குப் பாதிச் சுவர் வெட்டுக்கல், இந்த ஊர்ச் செம்புரைக்கல். தெற்குப் பாதி கருங்கல். இரண்டும் சேருமிடத்தில் பெரிய கோணல். ஒரு நாள் கருங்கல் இடுக்கிலிருந்த சுண்ணாம்புக் காரையை அக்கா நக்கிப் பார்த்தார். "கருப்பட்டி சேத்த காரை! நம்ம நாஞ்சில் கொத்தனாருக்க வேல, கேட்டியா?" என்று கூவினார். அந்தப் பக்கம் வந்த காவலாளி பதறிப்போய், மலையாளத்தில், "எந்தா அம்மச்சி, விசக்குன்னோ?" என்று தன் பொதிச்சோற்றை நீட்டினார். பசிதான் என்று முடிவே செய்துவிட்டார் மனிதர். அக்கா மறுக்கவில்லை. பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "செவர விட நல்லா இருக்கு" என்றார்.

அக்காவின் கணக்கு இதுதான்: நாஞ்சில் நாட்டார் தெற்கிலிருந்தும் இந்த ஊர் மலையாளிகள் வடக்கிலிருந்தும் கட்டிக்கொண்டு வந்தார்கள், நடுவில் சண்டை. "கோணல் அவனுக பக்கம்" என்பார். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து குடியேறிய எங்கள் தெருக்காரர்களுக்கு இது தேனாக இனித்தது. உடனே கூட்டம் ஏற்பாடு செய்து, ரயில்வே பொறியாளர் ஒருவரையும் அழைத்தார்கள்.

கூட்டத்தன்று காலை கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனோம். மழையில் காரை விழுந்து, கருங்கல் சுவரில் ஓட்டை விழுந்திருந்தது. அக்கா உள்ளே கைவிட்டார். இரும்பு. பழைய தண்டவாளத் துண்டைத் தூணாக நட்டிருந்தார்கள். ஓடிப்போய் வெட்டுக்கல் பக்கத்து விரிசலில் பார்த்தார். அங்கும் அதே தூண். அப்படியானால் முதலில் தூணும் கூரையும் மட்டுமே. சுவர்கள் பின்னால், வெவ்வேறு காலத்தில் அடைத்தவை.

"சொல்லாம விட்டுரலாமே அக்கா" என்றேன்.

"பொறவு எனக்கு உறக்கம் வராதுடே."

மேடையில் முதலில் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். அக்கா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "நான் இத்தன நாளாச் சொன்னது எல்லாம் தப்பு! யாரும் யார்கூடயும் சண்ட போடல்ல. மொதல்ல செவரே கெடையாது!" என்றார். கூட்டத் தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொன்னாடையத் திருப்பித் தந்திரட்டா?" என்று கேட்டார். சிரித்தவர் பொறியாளர் ஒருவர்தான். அடுத்த வாரமே அவர் வந்து, தானும் அந்த ஓட்டையில் கைவிட்டுப் பார்த்தார்.

அவர் சொன்னபடி சுவர்களை மட்டும் எடுத்துவிட்டார்கள், கூரையும் தண்டவாளத் தூண்களும் நின்றன. வண்டிகள் இன்று அதன் நிழலில்தான் நிற்கின்றன. முதல் நாள் அக்கா உள்ளே நடந்து பார்த்து, "பழையபடி ஆயிட்டு" என்றார். கொஞ்சம் கழித்து, தனக்குள் சொல்வது போல, "நல்ல செவராக்கும் அது" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது மேடையில் கேட்ட அந்தக் குரலைத்தான். தன் தவற்றை, வீட்டில் குழந்தை பிறந்த சேதி போல அறிவித்த குரல். போன வாரம் அலுவலகத்தில் நானும் என் தவறு ஒன்றை அப்படிச் சொல்லிப் பார்த்தேன். உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். இன்னும் பழக வேண்டும்.