வெர்னெட்டாவின் சொந்த முகம்

பால்வெளியில் பாதிக் கோள்களை அரசாண்டவர், பூமியைப் பலமுறை அழித்தவர், கழுத்து வெட்டப்பட்டும் அடுத்த வாரமே வேறொரு கொம்போடு எழுந்து வந்தவர், லாஸ் ஏஞ்சலஸ் இங்கிள்வுட்டில் ஒரு சலவைக்கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். பெயர் வெர்னெட்டா. ஐம்பது தாண்டியாயிற்று. முழங்கால் வலி.

தொலைக்காட்சியில் விண்வெளிக் கதை எது ஓடினாலும் அதில் ஒரு முரட்டு இனம் இருக்கும். உறுமும், கத்தியைத் தூக்கும், கடைசி விளம்பரத்துக்குள் செத்துப்போகும். அதற்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் கறுப்பு ஜனத்தைத்தான் கூப்பிடுவார்கள். விடியுமுன் போய் உட்கார்ந்தால் நெற்றியிலும் மூக்கிலும் ரப்பரை வைத்துப் பசையால் ஒட்டுவார்கள். பிய்க்கும்போது தோலும் கொஞ்சம் கூடவே வரும்.

ஒரு தடவையாவது சொந்த முகம் திரையில் வரவேண்டும். வெர்னெட்டாவுக்கு வேறு ஆசை கிடையாது. ஞாயிறுதோறும் தேவாலய வாசலில் சிஸ்டர் ஓபல் பிடித்துக்கொள்வார்.

“பார்த்தேன்டி. அதுல நீ எது?”

“கொம்பு வச்சது.”

“எல்லாத்துக்குந்தான் கொம்பு இருந்துச்சு.”

“கோணக் கொம்பு.”

“அதுவா? அதை ஆம்பளைன்னுல்ல நினைச்சேன்.”

கூட நடிக்கும் ரூஃபஸ் இதற்கொரு விளக்கம் வைத்திருந்தார். ரப்பர் தாடைக்குள் உறிஞ்சுகுழலை விட்டுக் காபி குடித்தபடி சொல்வார்: “முன்னூறு வருஷம் கழிச்சு நடக்குற கதைம்மா. அதுக்குள்ள நம்மாளுங்களை எல்லாம் வேற கிரகத்துக்கு அனுப்பிட்டாங்க போல. வாடகை அங்கதான் கம்மி.”

போன அக்டோபரில் வேடம் வந்தது. கொம்பு இல்லை, மனுஷி. கப்பல் மருத்துவர். ஒரே காட்சி: “காய்ச்சல் குறைஞ்சிடுச்சு, கேப்டன். பொண்ணு பொழைச்சுக்குவா.”

ஒப்பனை வண்டியில் பச்சை வகை வகையாக இருந்தது. நீலமும் ஊதாவும் அப்படியே. வெர்னெட்டாவின் நிறம் மட்டும் இல்லை. ஒப்பனைப் பெண் எதையோ கலந்து தடவினாள்; அடுப்புச் சாம்பலில் விழுந்து எழுந்தது போலானது. சண்டை போடத் தெம்பில்லாமல், வெர்னெட்டா பையிலிருந்து தன் சொந்த டப்பாவை எடுத்துத் தானே பூசிக்கொண்டார்.

இளவயசு இயக்குநர் தயங்கித் தயங்கி வந்தார். “கொஞ்சம் கோபமா தெரியுறீங்க. இதமா இருந்தா நல்லாருக்கும்.”

இத்தனை வருஷமும் இவரைப் போன்றவர்கள் ‘இன்னும் கோபம், இன்னும் கோபம்’ என்றுதான் கத்தியிருந்தார்கள்.

“கோபம் இல்லீங்க,” என்றார் வெர்னெட்டா. “என் மூஞ்சியே இதுதான்.”

ஒளிபரப்பான அன்று சபைப் பெண்கள் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கெளுத்தி மீன் பொரித்து வைத்திருந்தது. நல்ல தோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த வெர்னெட்டா ஒரு துண்டுகூடத் தொடவில்லை. கேப்டன் மருத்துவ அறைக்குள் ஓடினார். பட்டென்று வீடே இருண்டது. ஃபியூஸ் போய்விட்டது. சரிசெய்வதற்குள் காட்சி முடிந்திருந்தது. “சாத்தான் வேலை,” என்று சிஸ்டர் ஓபல் வெர்னெட்டாவைக் கட்டிக்கொண்டார்.

ஆனால் ஊரெல்லாம் பார்த்தது. வெர்னெட்டாவின் முகம் திரை நிறைய வந்தது.

இந்த வரியை எழுதிக்கொண்டிருந்த தன் அக்கா மகனின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற வெர்னெட்டா, அதன்மேல் விரலை வைத்தார்.

“முகம் வந்துச்சா?”

“வந்துச்சு சித்தி.”

“தோள்பட்டை வந்துச்சு. குரல் வந்துச்சு. முகம் பூரா அந்தக் கேப்டனோடது.”

“உங்களுக்கு யாரு சொன்னா?”

“பால்டிமோர்ல நமக்கு மூணு மணி நேரம் முன்னாடியே ஓடி முடிஞ்சிருதுல்ல. உங்க பெரியம்மா உனக்குப் போன் பண்ணி அழுதாளே, அதுக்கு முன்னாடியே எனக்குப் பண்ணிட்டா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரிஞ்சுதான்டா மீன் பொரிச்சேன். வரச்சொன்னவங்களைத் திருப்பி அனுப்பவா முடியும்? நீ எழுந்து ஃபியூஸ் பெட்டிப் பக்கம் போனப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.”