ஊசி போடாத முதல் இரவுக்குப் பிறகு

காலை ஆறு பத்து. கூடத்து விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது, என் பழுப்பு நிற ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்திருந்த மனைவி. ஊட்டிக்குக் குடிவந்து இருபது வருடமாகிறது. அவளை ஸ்வெட்டரில் நான் பார்த்ததில்லை. ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறவள். செப்டம்பரில் கோயம்புத்தூரில் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். அதன்பின் இருபத்தைந்து கிலோ குறைந்தது. குளிர் தாங்கும் சக்தியும் கூடவே போய்விட்டது.

அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து பதினோரு வருடம். காலையும் இரவும் இன்சுலின் போட்டு வந்தாள். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே காலை ஊசி நின்றுவிட்டது. இரவு ஊசியின் அளவை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். முந்தின நாள் போனில், இன்று ராத்திரி போட வேண்டாம், விடிந்ததும் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நூற்று முப்பதைத் தாண்டினால் மறுபடியும் ஊசி. தாண்டாவிட்டால் நிறுத்திப் பார்க்கலாம். நோய் குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், எடை ஏறினால் சர்க்கரையும் திரும்ப வரலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

மேசைமேல் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தது. திரையில் எண்ணுக்குப் பதிலாக ஒரு தெர்மாமீட்டர் படம். வெளியே புல்லில் உறைபனி. அறை அவ்வளவு குளிர்ந்திருந்தால் மெஷின் வேலை செய்யாது.

"ஏனுங்க, இதுக்கும் குளுருதாட்டம் இருக்குது" என்றாள்.

அடுப்பில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. மெஷினை அந்தப் பாத்திரத்தின் மூடிமேல் வைத்து, சிறிது நேரம் கழித்து எடுத்து வந்தேன். திரும்பவும் அதே படம். இந்த முறை சூடு அதிகமாகிவிட்டது.

"முட்டைன்னு நெனச்சுட்டீங்களா, அவிக்கறதுக்கு? குடுங்க இங்கே."

வாங்கி ஆற வைத்தாள். பிறகு கைக்குட்டையில் சுற்றி ஸ்வெட்டருக்குள் அக்குளில் வைத்துக்கொண்டாள். காத்திருந்தோம். நான் போட்ட டீ மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது. அவள் சர்க்கரை பார்த்து முடிக்கும் முன் குடிக்க மனம் வரவில்லை.

"ஊசி மறுபடியும் போடறாப்பல ஆச்சுன்னா உங்க தங்கச்சிகிட்டச் சொல்லாதீங்க" என்றாள். நன்றாக இருந்த வயிற்றை எதற்கு வெட்ட வேண்டும் என்று என் தங்கை நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்ல மாட்டேன் என்றேன்.

"நீங்களா? பேப்பர்ல வர்றதுக்கு முன்னால அவளுக்குத்தானே சொல்லுவீங்க."

மெஷின் சரியானது. விரல் குளிர்ந்திருந்ததால் ரத்தம் வரவில்லை. வெந்நீர் டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு மறுபடி குத்தினாள். ஒரு சொட்டு வந்தது. திரையைப் பார்க்காமல் என் பக்கம் திருப்பி வைத்தாள்.

நூற்று எட்டு என்று படித்தேன்.

நம்பாமல் வேறொரு விரலில் குத்திப் பார்த்தாள். நூற்றுப் பதினொன்று. பிறகு என் ஆறிய டீயை எடுத்துப் போய்ச் சுட வைத்துத் தந்தாள். தனக்கு ஒரு இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு, டாக்டர் சொல்லியிருந்தபடி, சின்னச் சின்னத் துண்டாக மென்று தின்றாள். எட்டு மணி வரை பொறுக்க முடியாமல் என் தங்கையை அவளே போனில் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே எண்ணைச் சொன்னாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, சிரித்தாள்.

டாக்டரிடம் நான் பேசினேன். அன்று இரவும் ஊசி போடவில்லை.