சால்வைக்குத் தப்பிய இடது கை

பேஸ்கட்பால் ரெஃப்ரிக்குக் கையில் கிடைப்பது ஒரு விசில். காதில் கிடைப்பதை எழுத முடியாது. பெங்களூரில் பல வருஷமாக ஊதிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் எங்காவது விசில் பிடித்தவர் என்றால் மேலே படியுங்கள், நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும். போன சீசன் பூரா எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பொண்ணு நிலைப்பாளா? ஜோசியம் பார்க்கவா எனக்கு விசில் கொடுத்தார்கள்?

தள்ளி நிற்க வேண்டியவன்

பவித்ரா பொம்மனஹள்ளிப் பெண். அம்மாவுக்கு கார்மென்ட்ஸில் தையல் வேலை. லீகின் முதல் ஆட்டம் வரை பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருந்தவள். அன்று டீமின் பெரிய ஆட்டக்காரிக்குக் கணுக்கால் பிசகியது. இவள் இறங்கினாள். வலது பக்கமாகப் புகுந்து புகுந்து போட்டாள். எதிரணி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்த வீடியோ மாலைக்குள் ஊரெல்லாம் சுற்றியது. சீசன் முழுக்க இப்படி ஆடினால் வேலையே கொடுக்கிறோம் என்றது ஒரு பேங்க் டீம். பேங்க் வேலை. அந்த வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்காதது.

ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளோடு செல்ஃபி எடுக்க வந்த காக்ஸ் டவுன் ஆசாமி ஒருவர் என் தோளைத் தொட்டார்.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க. ஃபிரேம்ல நீங்க விழறீங்க."

சால்வை சீசன்

பிராக்டிஸ் மாலையில். பாராட்டு விழாவும் மாலையில். எது நின்றுபோயிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். சங்கம், அபார்ட்மென்ட், தேர்தலில் நிற்கப்போகிறவர் என்று வரிசையாகப் போர்த்தினார்கள். பெங்களூர் குளிருக்குக்கூட அவ்வளவு சால்வை தேவையில்லை.

பிரேசர் டவுன் விழா ஒன்றுக்கு நாற்காலி நிரப்ப என்னையும் கூப்பிட்டார்கள். பேனரில் அவள் படத்துக்குக் கீழே 'வாலிபால் வீராங்கனை' என்று இருந்தது. விழா நடத்தியவரிடம் சொன்னேன். பேனரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் பந்துதானே சார். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க."

முழுங்காத விசில்

வீடியோவை எதிரணிக்காரர்களும் பார்த்திருந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் ஒருத்தி முன்கூட்டியே வலது பக்கம் போய் நின்றுகொண்டாள். பவித்ரா நேரே போய் அவள்மேல் மோதினாள். நிற்கிறவள்மேல் மோதினால் மோதினவளுக்குத்தான் ஃபவுல். ஊதினேன். மறுபடி மோதினாள். மறுபடி ஊதினேன். அதற்கடுத்த ஆட்டத்திலும் அதே கதை. பார்க்க வந்த பேங்க் அதிகாரி பாதியில் எழுந்து போனார். இவள் நிலைக்க மாட்டாள் என்று அன்றைக்கே தனக்குத் தெரியும் எனப் பக்கத்து சீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார் செல்ஃபி ஆசாமி.

அவளுடைய கோச் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். மோதினது உண்மையா இல்லையா என்று கேட்டேன்.

"உண்மைதான் சார். பொண்ணு வாழ்க்கை. ஒரு விசிலை முழுங்கினா வயிறா வலிக்கும்?"

எந்தக் கை

சால்வைகள் நின்றுவிட்டன. முன்பே ஒத்துக்கொண்ட ஒரு விழா மட்டும் மிச்சம். மேடையில் சீஃப் கெஸ்ட் நினைவுப் பரிசை நீட்டினார். பவித்ரா இடது கையை நீட்டினாள். அவர் வெடுக்கென்று பரிசைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நாலு பேர் முன்னால் அப்படி வாங்கினால் யாருக்குத்தான் முகம் சுருங்காது? மைக் பிடித்தவர் "இன்னொரு கை, இன்னொரு கை" என்று மைக்கிலேயே சொன்னார். அவள் பந்தைப் பறிக்கிற மாதிரி அதே கையால் பறித்துக்கொண்டு இறங்கினாள். அடுத்தவர் பேச எழுந்திருப்பதற்குள் பிராக்டிஸுக்குக் கிளம்பியும்விட்டாள்.

பக்கத்து நாற்காலியில் அவள் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"திமிரு இல்ல சார். பல்லு விளக்குறது, சோறு திங்கறது எல்லாம் இப்ப அந்தக் கையாலதான். கேட்டா பிராக்டிஸ்ங்கறா. எதிர்ல உக்காந்து என்னால திங்க முடியல."

பழைய வீடியோ

கடைசி ஆட்டம். கூட்டம் இல்லை, ஒரு செல்போன்கூட மேலே எழவில்லை. பேங்க் அதிகாரி மட்டும் வந்தார், இதுதான் கடைசித் தடவை என்று சொல்லிக்கொண்டே.

எதிரணி வழக்கம்போல வலது பக்கத்தை மூடியது. அவள் இடது பக்கம் போனாள். பந்து அவள் காலிலேயே பட்டு வெளியே ஓடியது. மறுபடி போனாள். வளையத்தில் பட்டுத் திரும்பியது. பிறகு விழுந்தது. பிறகும் விழுந்தது. நடுவில் அவள்மேல் ஒரு ஃபவுல் ஊதினேன், அதையும் முழுங்கவில்லை. பெரிய ஸ்கோர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜெயித்தார்கள். அதிகாரி என்னிடம் வந்து, நிலைப்பாளா என்று கேட்டார். ஃபவுல் பற்றிக் கேளுங்க, சொல்றேன் என்றேன். கோச்சிடம் போய், திங்கட்கிழமை சர்டிபிகேட்டோடு அவளை பேங்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

பவித்ரா பந்தை என்னிடம் இடது கையால் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். உன்னைக் கெடுத்ததே அந்த வீடியோதான், அழித்துவிடச் சொல்லேன் என்றேன்.

"ஐயோ வேணாம் சார். அது இருக்கற வரைக்கும் எல்லாரும் வலது பக்கமே நிப்பாங்க."

இத்தனை வருஷம் ஊதியதில் நான் கண்டது, எதிரணி ஒரு பக்கம்தான் மறிக்கும், சால்வையோடு வருகிறவர்கள் நாலு பக்கமும் மறிப்பார்கள்.