செத்த வீட்டுக் கூடாரத்தில் என் கால் பிழைத்தது

என் வலது பாதத்துக்குள் ஒரு மீன் முள் இருந்தது. எத்தனை நாளாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. பேலியகொடைச் சந்தையில் பல வருடங்களாக மீன் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறவன் நான். எந்த மீனுக்கு எந்த இடத்தில் முள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் காலில் இருந்ததை மட்டும் சொல்ல முடியவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் என் பக்கத்தில் முழங்காலிடுகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். கோயிலில் எழுந்து நின்று சொல்லும்படிதான் பங்குச் சுவாமி கேட்டார். மைக்கைக் கையில் தந்தால் நான் பகிடி விடத் தொடங்கிவிடுவேன் என்று என் மனைவி செலினுக்குப் பயம். எழுதினால் அவள் முதலில் படித்து வெட்டலாம். அவள் வெட்டியது போக மிஞ்சியது இது.

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். சாமான் விலை எல்லாம் ஏறிய காலத்தில் மாத்திரையும் ஏறியது. காலையும் இரவும் என்று இருந்ததைக் காலையில் மட்டும் என்று ஆக்கினேன். பிறகு ஞாபகம் வருகிற காலைகளில் மட்டும். ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், பொய் சொல்லக்கூடாது. ஆனால் கிளினிக் நாளில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். கையிருப்பில் இல்லாத மருந்துக்கு வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தருவார்கள். அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். செலின் சட்டையைத் தோய்ப்பாள். என்னைவிட என் சட்டைதான் அதிக மருந்து குடித்தது.

கால் மெல்ல மெல்ல மரத்தது. ஐஸ் தண்ணீரில் நின்று வேலை செய்கிறவனுக்கு அது ஒரு வசதி என்று நினைத்தேன். மற்றவர்கள் குளிரில் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள். நான் விளக்குக் கம்பம் மாதிரி நிற்பேன். சந்தையில் எனக்கு ‘இரும்புக் கால்’ என்று பெயர் வைத்தார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்கிய கிழமை. ஒரு மாலை செலின் என்னை முகர்ந்து பார்த்தாள்.

“என்னப்பா, குளிச்சிட்டும் நாறுறீங்க.”

“மீன்காரன் மல்லிகைப்பூவாவா மணப்பான்?”

“இது மீன் நாத்தம் இல்ல. காலைத் தூக்குங்க.”

தூக்கினேன். அவள் குனிந்து பார்த்தாள். உள்ளே போய் வெளியே போகிற சாரியைக் கட்டிக்கொண்டு வந்து, “நடவுங்க” என்றாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முள்ளை எடுத்து எனக்குக் காட்டினார். எடுத்ததே எனக்குத் தெரியவில்லை. புண் உள்ளே போயிருந்தது. சின்ன விரல் கறுத்திருந்தது. தினமும் கட்டு மாற்ற வேண்டும், காலை ஊன்றக்கூடாது, சீனி இறங்க வேண்டும் என்றார். ஒரு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்றார்.

“அப்ப டொக்டர், செருப்பு அரை விலைக்குத் தருவாங்களா?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. செலினும் சிரிக்கவில்லை. சத்தியமாக, எனக்கும் சிரிப்பு வரவில்லை. வாய் பழக்கத்தில் பேசியது.

இந்த இடத்தில் நான் கதறி அழுதேன் என்று எழுத வேண்டும். அழவில்லை. பயமும் வரவில்லை. யாரோ ஒருவரின் காலைப் பற்றி யாரோ பேசுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். அடுத்த நாளும் அதே கதிரையில் இருந்தேன். செலின் வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடைக்கு வேலைக்குப் போய் வருவாள். அவளுடைய சம்பளத்தில் வீடு ஓடியது. கட்டுத்துணியும் மருந்தும் அதற்குள் அடங்கவில்லை. தினமும் மாற்ற வேண்டிய கட்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஆனது. என் கால் போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததே தவிர வேறொன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை செலின் என்னை ஓட்டோவில் ஏற்றி அந்தோனியார் கோயிலுக்குக் கொண்டுபோனாள். நவநாள் நடந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணீரோடு கேட்டார்கள். என் வாய் மனப்பாடத்தில் ஓடியது, மனம் எங்கேயும் இல்லை. செபம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். செலின் மெழுகுதிரி ஏற்றப் போனாள். நான் செருப்பைக் கழற்றி, கட்டை விலக்கி, காலைத் தூக்கி முன்னாலிருந்த முழங்கால் பலகையில் வைத்தேன். உள்ளங்கால் சுரூபத்தைப் பார்த்தபடி இருந்தது. மரியாதைக் கேடுதான். ஆனால் வேறு செபம் என்னிடம் இருக்கவில்லை.

“அந்தோனியாரே, எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. நீராவது பாரும்.”

அவ்வளவுதான். கேட்டதும் இல்லை, நேர்ந்துகொண்டதும் இல்லை.

“இதென்ன வேலை, காலை எடு,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பிலோமினா மிஸ். எங்கள் பக்கத்தில்தான் வீடு. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்து இளைப்பாறியவர். திட்ட வந்தவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“எப்ப கட்டு மாத்தினது?”

“சனிக்கிழமை மிஸ்.”

“இண்டைக்குச் செவ்வாய்.”

“ஓம் மிஸ். அதுதான் அந்தோனியாரட்டக் காட்டுறன்.”

“அவர் பாத்திட்டார். வெளியில வா.”

அன்று மிஸ் தன் வீட்டு வாசலில் வைத்துக் கட்டுப் போட்டார். முழு நேரமும் ஏசினார். தினமும் வரச் சொன்னார். தனக்குக் கூலி வேண்டாம், ஆனால் கட்டுத்துணிக்கும் மருந்துக்கும் தன் பென்சன் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அவரே யோசித்தார்.

“உன்ர ஒழுங்கையில இப்படி இன்னும் ரெண்டு கால் இருக்கு. உனக்குத் தெரியுமா? சொக்ஸ் போட்டு ஒளிச்சுக்கொண்டு திரியினம். உன்னப்போல வெக்கங்கெட்டவன் கோயில்ல தூக்கிக் காட்டினபடியா நான் கண்டன்.”

என்னை யாராவது வெட்கங்கெட்டவன் என்று சொன்னதில் நன்மை நடந்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. தமிழ் ஆட்கள், சிங்கள ஆட்கள் எல்லாரும் அங்கத்தவர்கள். மாதம் மாதம் சந்தா. யாராவது இறந்தால் சங்கம் கூடாரம் போடும், கதிரை போடும், சவப்பெட்டிக்கு உதவும், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும். கூடாரத்துக்கும் கதிரைகளுக்கும் பொறுப்பு நான். தலைவர் பீட்டர் அண்ணன். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்தவர். சங்கத்தின் சட்டங்களை எழுதியவரும் அவரே.

அந்த மாதக் கூட்டத்துக்கு மிஸ் என்னையும் செலினையும் இழுத்துக்கொண்டு போனார். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வாய் மறுபடி தன்பாட்டில் ஓடியது.

“பீட்டர் அண்ணன், நான் செத்தா சங்கம் பெட்டி தரும்தானே?”

“தரும்டா. ஏன், அவசரமா?”

“ஆறடிப் பெட்டி. ஒரு கால் போனா ஆள் கொஞ்சம் குறையும். பெட்டியில மிஞ்சுற காசை இப்பவே தந்தா, கட்டுத்துணி வாங்கலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். செலின் எழும்பினாள். அவள் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்தவள் அல்ல.

“நாங்க கலியாணம் கட்டின நாள்ல இருந்து சந்தா கட்டுறம். இவர் செத்தா நீங்க எல்லாரும் வருவீங்க, எனக்குத் தெரியும். கதிரை போடுவீங்க. ராத்திரி முழுக்க இருப்பீங்க. எனக்கு அப்ப வேணாம். இப்ப வாங்க.”

சிரிப்பு நின்றது. பீட்டர் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“செலின், சட்டத்தில அப்படி இல்லையே. சாவுக்கு மட்டும்தான்.”

“சட்டம் எழுதினது ஆரு?” என்று மிஸ் கேட்டார்.

“நான்தான்.”

“அப்ப பேனைய எடும்.”

எடுத்தார். வாதாடினார்கள், சத்தம் போட்டார்கள், யாரோ ஒருவர் கோபித்துக்கொண்டு போய், செருப்பை விட்டுவிட்டுப் போனதால் திரும்பி வந்தார். கடைசியில் முடிவாகியது. சந்தாவில் ஒரு பங்கு உயிரோடு இருக்கிறவர்களுக்கு. கட்டுச் சாமானும் சீனி பார்க்கிற கருவியும் சங்கம் வாங்கும். சனிக்கிழமை காலைகளில் மிஸ் இருப்பார். மாதத்தில் ஒரு தடவை வந்து பார்க்க, களுபோவில ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற, மிஸ்ஸுக்குத் தெரிந்த ஒரு டொக்டர் சம்மதித்தார். எல்லாருடைய மருந்துத் துண்டையும் சேர்த்து ஒருவர் கொண்டுபோய், விலை குறைந்த அரசாங்க மருந்துக்கடையில் வாங்கி வருவார். ஒவ்வொருவரும் ஒரு நாள் கூலியை இழக்கத் தேவையில்லை. இயன்றவர் வாசலில் வைக்கிற தகரப் பேணியில் காசு போடலாம். இயலாதவர் போடத் தேவையில்லை. பேணிப்பக்கம் யாரும் பார்க்கக்கூடாது என்பதையும் பீட்டர் அண்ணன் சட்டமாகவே எழுதினார்.

முதல் சனிக்கிழமை என் வீட்டு வாசலில் என்று முடிவு. என்னால் கூடாரம் தூக்க முடியாது. சங்கத்துப் பொடியன்களிடம் “வழக்கம்போல போடுங்கடா” என்று சொல்லிவிட்டு, காலைத் தூக்கி வைத்து உள்ளே இருந்தேன். வழக்கம்போலவே போட்டார்கள். கூடாரம். வரிசையாகக் கதிரைகள். கூடாரத்தோடு எப்போதும் ஒரே பையில் இருக்கிற, செத்த வீட்டுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடிகள், ஒழுங்கையின் வாய் வரைக்கும்.

மிஸ்ஸின் வாசலையும் கோயிலையும் கூட்டத்தையும் தவிர, நான் பல நாளாக வெளியே தலை காட்டாதவன். சந்தைக்கும் போகாதவன். என் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி. கூட்டத்துக்கு வராதவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் வந்தவர் சந்தியில் ஆப்பம் விற்கிற சோமா அக்கா. வெள்ளைச் சாரி. கையில் செத்த வீட்டுக்குக் கொண்டுவருகிற சீனிப் பொதி. நான் கதிரையில் இருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றார்.

“அனே மல்லி, மெரிலா நெத்த?” சாகவில்லையா என்று கேட்டார்.

“தவம நே, அக்கே.” இன்னும் இல்லை என்றேன்.

அவர் அழுதுகொண்டே சீனிப் பொதியை என் மடியில் வைத்தார். கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகக்கூடாதாம். சீனி வருத்தக்காரனுக்கு அவனுடைய மரணச் சீனியே கிடைத்தது.

அதன்பிறகு நிற்கவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக ஆட்கள் வந்தார்கள். சந்தைக் கூட்டாளிமார் ஒரு லொறியில் வந்து இறங்கினார்கள்.

“டேய் இரும்புக் கால், அரை நாள் கூலியை விட்டுட்டு வந்தனாங்கள். செத்திருக்கலாம்தானே.”

“அடுத்த முறை முயற்சி பண்ணுறன், மச்சான்.”

மிஸ் வந்தார். நிலைமையை ஒரு பார்வை பார்த்தார். “ஒருத்தரையும் வெளியில விடாதீங்க. வந்தவை எல்லாரும் இருந்து பிரஷரும் சீனியும் பாத்திட்டுத்தான் போகோணும்.”

இலவச கிளினிக் என்று சொல்லியிருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள். இல்லாதவன் என்று பெயர் வரும் என்று வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பார்கள். செத்த வீட்டுக்கு வர யாருக்கும் வெட்கமில்லை. வந்தார்கள், இருந்தார்கள், கையை நீட்டினார்கள். சோமா அக்காவின் பிரஷரை மிஸ் இரண்டு தடவை பார்த்தார். உடனே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இன்று அவர் மருந்தோடு இருக்கிறார், ஆப்பமும் விற்கிறார். சொக்ஸ் போட்ட இரண்டு பேரும் அன்றைக்கு அதைக் கழற்றினார்கள். என் காலைப் பார்த்த பிறகு தங்கள் கால் பரவாயில்லை என்று பட்டிருக்கும்.

செலின் கதவு நிலையில் சாய்ந்து நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். அவள் கேட்டபடியே வந்திருந்தார்கள். அவள் அழுதாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் மடியில் இருந்த சீனிப் பொதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று செலின் பிறகு சொன்னாள்.

அந்த மாதம் முழுக்கத் தினமும் கட்டு மாறியது. மாத்திரை தவறவில்லை. சீனி இறங்கியது. தவணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டொக்டர் புண்ணை அழுத்திப் பார்த்து, கால் தப்பும் என்றார். சின்ன விரலை மட்டும் எடுத்தார்கள். பேலியகொடையில் தரகுக் கழிவு இல்லாமல் எந்த வியாபாரமும் முடியாது, அந்தோனியாரும் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டார் என்று சொன்னேன். இந்த வசனத்தை வெட்டுவதா விடுவதா என்று செலின் நெடுநேரம் யோசித்தாள்.

இப்போது சந்தையில் முதலாளி எனக்கு உட்கார்ந்து நிறுக்கிற வேலை தந்திருக்கிறார். ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். அந்தோனியாருக்கும் சொல்கிறேன். உள்ளம் பொங்கி வழிகிறது என்று எழுத ஆசைதான். என் பாதம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, அது திரும்பாது என்று சொல்லியிருக்கிறார்கள். மனமும் பல நாட்களில் அப்படித்தான். உணர்ச்சி வரட்டும், பிறகு செபிப்போம் என்று காத்திருந்திருந்தால் நான் இன்றைக்கு ஒரு காலோடு காத்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் வராதபோதும் காட்டினேன். பார்க்கப்பட்டது. என் விசுவாசம் அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

உங்களில் யாராவது மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறீர்களா? துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறீர்களா? செபம் வாயில் மட்டும் ஓடுகிறதா? செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு வாருங்கள். சனிக்கிழமை எங்கள் ஒழுங்கைக்கு வாருங்கள். வெறுங்கையோடு வாருங்கள். மிஸ் ஏசுவார், அதற்கு மட்டும் ஆயத்தமாக வாருங்கள். வாசலில் நான் இருப்பேன். இருக்கச் சொல்லி ஒரு கதிரை தருவேன். அதில் இருந்து செருப்பைக் கழற்றுங்கள். மீதியைக் குனிந்து பார்ப்பதற்கு எங்களில் ஆள் இருக்கிறது.