முப்பத்தைந்து வயதில் விடுதிக்குப் போனவள்

அத்பாஷிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பசுவின் வயிற்றுக்குள் கன்று குறுக்கே கிடந்தால் புருலைத்தான் கூப்பிடுவார்கள். கால்நடை மருத்துவர் ஓய்வுபெற்றுப் போய் ஆறு வருஷமாக அந்த இடம் காலி. புருலுக்குக் கைராசி என்று ஊரில் பேச்சு. ராசியை நம்பி ஊசி போட முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் முப்பத்துநான்கு வயதில் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கல்லூரியில் கால்நடை மருத்துவம் படிக்கச் சேர்ந்தாள். வீட்டிலிருந்தே படிக்கும் பிரிவு. பாடம் கைபேசியில் வரும். வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பரீட்சை எழுதினால் போதும்.

லாரி ஓட்டும் அவள் புருஷன் சபாருக்கு இதில் பரம திருப்தி. “படிச்ச மாதிரியும் ஆச்சு, வீட்டுல இருந்த மாதிரியும் ஆச்சு” என்றான்.

இரண்டுமே ஆகவில்லை. ஆட்டுப்பட்டிச் சுவரோரம் நின்றால்தான் டவர் கிடைக்கும். ஆசிரியர் கேள்வி கேட்கிற நேரமாகப் பார்த்து மாமியார் தொக்தோகான் வாசலிலிருந்து குரல் கொடுப்பாள்: “புருல், விருந்தாளி வந்திருக்காங்க, டீயைப் போடு!” கைபேசியைச் சுவர்மேல் வைத்துவிட்டு ஓடுவாள். திரும்பி வந்தால் திரையில் மாட்டு முகம்தான் தெரியும். “உங்களை விட உங்க மாடுதான் வகுப்புக்கு ஒழுங்கா வருதும்மா” என்றார் ஆசிரியர் ஒருநாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அந்த மே மாதம் பக்கத்து வீட்டு குபாத்தின் பசு, மழையில் நனைந்த குதிரைமசால் தழையை மேய்ந்துவிட்டு வயிறு உப்பி விழுந்தது. புருல் ஓடினாள். எந்த இடத்தில் குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது மனப்பாடம்: இடதுபுறம், கடைசி விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம். அந்தப் பாடத்தில் ஐந்துக்கு ஐந்து வாங்கியவள். ஆனால் மாட்டுத் தோல் எவ்வளவு கெட்டி, எவ்வளவு பலமாக இறக்க வேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை. குத்தூசியின் முனை தோலோடு நின்றுவிட்டது. இரண்டாம் தடவை குத்துவதற்குள் பசு கண்ணை மேலே செருகிவிட்டது.

குபாத் ஒரு வார்த்தை திட்டவில்லை. “விடும்மா, நீ என்ன பண்ணுவ? வீட்டுல இருந்து படிச்ச படிப்புதானே” என்றான் ஆறுதலாக.

திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பாள். அந்த ஆறுதலைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. மறுநாளே கல்லூரிக்கு எழுதிப் போட்டாள், நேரில் வந்து படிக்கும் பிரிவுக்கு மாற்றும்படி. ஆகஸ்டில் பதில் வந்தது. விடுதியில் ஒரு கட்டில் இருக்கிறதாம். தரையில் விரித்த சாப்பாட்டுத் துணியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்.

“இந்த வயசுல விடுதியா? குமரிப் பொண்ணுங்களோடயா?” என்றாள் தொக்தோகான். “ஊரே சிரிக்கும்டி.”

“சிரிக்கட்டும் அத்தே. மாடு செத்தப்ப யாரும் சிரிக்கல, அதுதான் எனக்கு வலிச்சுது.”

சபார் ரொட்டியைக் கீழே வைத்தான். “பால் யாரு கறப்பா? அதைச் சொல்லு முதல்ல.”

“நீங்க நாலு வருஷம் ரஷ்யாவுல கட்டட வேலைக்குப் போனீங்களே, அப்ப யாராவது இதைக் கேட்டாங்களா?”

“நான் சம்பாதிக்கப் போனேன்.”

“நானும் ஊர் சுத்தப் போகல.”

“என் பேச்சை மீறிப் போறியா?”

“ஆமா. மீறித்தான் போறேன். திருட்டுத்தனமா போகாம சொல்லிட்டுப் போறேன், அவ்வளவுதான்.”

பன்னிரண்டு வயது மகள் ஐனாஸிக் மட்டும் வாசல்வரை பின்னாலேயே வந்தாள். “என்னை விட்டுட்டுப் போறியாம்மா?” புருலுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமாடி, விட்டுட்டுத்தான் போறேன். லீவுக்கு லீவு வருவேன்” என்றாள். டோலோன் கணவாய் ஏறும்வரை வேனில் அழுதுகொண்டே போனாள். திருப்பச் சொல்லவில்லை.

விடுதி அறையில் மூன்று பெண்கள், பதினேழும் பதினெட்டுமாக. முதல் நாள் மாலையே மாவுப் பையை நீட்டினார்கள். “அக்கா, உங்க கையால ரொட்டி சுட்டுத் தாங்களேன்.”

“எனக்கு அடுப்பு பத்த வைக்கவே தெரியாதுன்னு நினைச்சுக்குங்க” என்று புத்தகத்தைத் திறந்தாள். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு பக்கத்தை யாரும் கூப்பிடாமல் கடைசிவரை படித்து முடித்தாள். இறைச்சிக்கூடத்தில் பயிற்சி. செத்த மாட்டின் விலாவுக்குப் பின்னால் திரும்பத் திரும்பக் குத்திப் பார்த்தாள். தோலைத் தாண்டி முனை இறங்கும்போது உள்ளங்கையில் ஒரு தட்டல் தெரியும். எந்தக் கைபேசியிலும் வராத பாடம் அது.

ஊரில் யாரும் சும்மா இருக்கவில்லை. சபார் முதல் குளிர்காலம் முழுக்கப் போன் செய்யவில்லை. அவளைக் கேட்காமல் ஒரு பசுவை விற்றான். “மருமக படிக்கிறா, மாமியா கறக்கிறா” என்று தொக்தோகான் வருகிறவர்களிடமெல்லாம் வீங்கிய விரல்களைக் காட்டினாள். அடுத்த குளிர்காலத்தில் கறக்கிறது சபார் என்று ஐனாஸிக் போனில் குசுகுசுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் கறப்பானாம், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று. புருல் சிரித்ததில் அறையில் படுத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

படிப்பை முடித்துப் பட்டயத்தோடு, காலியாக இருந்த மருத்துவர் வேலையைக் கேட்டு வந்தவளை ஊராட்சி அலுவலகத்தில் ஏற இறங்கப் பார்த்தார்கள். “மேய்ச்சல் மலை வரைக்கும் போகணும்மா. ஆம்பளையா ஒருத்தர் இருந்தா தேவலை” என்றார் அதிகாரி.

“அறிவிப்புல அப்படி எழுதியிருக்கா? காட்டுங்க.”

எழுதியிருக்கவில்லை. மூன்று நாள் அவர் மேஜைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான்காம் நாள் நியமன ஆணை கிடைத்தது.

தொக்தோகான் இன்றைக்கும் வாய் திறந்து பாராட்டியதில்லை. சபார் மட்டும் குதிரைக்குச் சேணம் பூட்டிக் கொடுத்தான், முகத்தைப் பார்க்காமல். ஜூனில் தடுப்பூசிப் பெட்டியோடு புருல் மலையேறினாள். கூடாரத்து வாசலில் ஐந்தாறு மேய்ப்பர்கள் புளித்த குதிரைப்பாலான கீமிஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவளுக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தான்.

“டாக்டர் எங்கம்மா? பின்னால வர்றாரா?”

“நான்தான் டாக்டர். கிண்ணத்தை வச்சிட்டு எந்திரி, ஆட்டைப் பிடி” என்றாள் புருல்.