செங்கல்வராயன் கூரைக்கு ராஜம் கையெழுத்து

செங்கல்வராயன் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தாம்பரம்–மாமல்லபுரம் வண்டி. அந்த வேலை அவருக்கு இரண்டு விஷயங்களைக் கொடுத்தது. ஒன்று மூட்டு வலி. இன்னொன்று சட்ட அறிவு. டிக்கெட் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சீட்டு. இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள எல்லா வழக்கையும் தீர்த்துவிடலாம் என்று மனுஷன் நம்பினார். வீட்டு வரி ரசீதும் அவர் கணக்கில் ஒரு டிக்கெட்தான்.

நான் துர்காதேவி. திருப்போரூரிலிருந்து கோவளம் போகும் வழியில், எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையும் இ-சேவை மையமும் நடத்துகிறேன். தினம் நாலு பேராவது வரி ரசீதை நீட்டி, "வூடு என் பேர்ல கீது, பாத்துக்கோ" என்பார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் விளக்கம் சொல்வேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம். இப்போது ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். செங்கல்வராயன் விஷயத்தில் மட்டும் என்னால் அப்படி இருக்க முடியவில்லை.

அவர் அப்பா சதாசிவம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஓட்டு வீடு அது. பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவர் இவர். இளையவள் ராஜம், முட்டுக்காட்டில் வாழ்க்கைப்பட்டவள், படகுத் துறைக்கு வெளியே மாங்காயும் சுண்டலும் விற்கிறாள். அம்மா முன்பே போய்விட்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் உயில் எதுவும் எழுதாமல் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ராஜம், "வூட்ட இன்னாண்ணா பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டாள். ஒழுகுகிற ஓடுகளை மாற்றுவாயா என்ற அர்த்தத்தில்தான் அவள் கேட்டாளாம். பங்கு கேட்கிறாள் என்று இவருக்குப் பட்டதாம். அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த தையில் தங்கைக்கு அனுப்ப வேண்டிய பொங்கல் சீரும் நின்றது.

ஆனால் இருவருக்கும் ஒரே மூளை. ரசீது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் வீடு என்று இரண்டு பேரும் தனித்தனியாக முடிவு கட்டினார்கள். ஏப்ரல் முதல் தேதி ஊராட்சி அலுவலகம் திறப்பதற்குள் இவர் வாசலில் நிற்பார். ஒரு வருஷம் மூட்டு வலியால் பத்து மணிக்குப் போனார். ராஜம் ஒன்பதரைக்கே வந்து கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"அப்ப அடுத்த வருஷத்த கட்டுறேன், எழுது" என்றார்.

கிளார்க் லட்சுமணன் எழுதினார். மறு வருஷம் ராஜம் வந்தாள். அது கட்டியாகிவிட்டது என்று தெரிந்ததும் அதற்கடுத்த வருஷத்தைக் கட்டினாள். இப்படியே அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு இரண்டாயிரத்து முப்பத்தாறு வரைக்கும் வரி கட்டிவிட்டார்கள். ரசீது எல்லாம் சதாசிவம் பெயரில்தான் வரும், ஏனென்றால் வீடு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. எங்கள் ஊராட்சியில் பாக்கி இல்லாத ஒரே ஆள் செத்துப்போன சதாசிவம்தான்.

அதன் விளைவு மே தினக் கிராம சபையில் தெரிந்தது. புதிதாக வந்த தலைவருக்கு ஊர் விவரம் பத்தாது. பட்டியலைப் பார்த்து, "முன்மாதிரி வரி செலுத்துநர் திரு. சதாசிவம் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்" என்று மைக்கில் சொல்லிவிட்டார். கூட்டத்தில் எல்லோரும் இடமும் வலமும் பார்த்தார்கள். பிறகு இடது பக்கத்தில் செங்கல்வராயன் எழுந்தார். வலது பக்கத்தில், இதற்காகவே முட்டுக்காட்டிலிருந்து வந்த ராஜம் எழுந்தாள். இருவரும் மேடைக்கு வந்து ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். தலைவர் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் பார்த்தார். கடைசியில் பக்கத்தில் நின்ற லட்சுமணன் தோளில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்தான். ஆனால் போன ஆடிக் காற்றில் அந்த வீட்டின் உத்தரம் ஒன்று விரிசல் விட்டது. வெளித் தாழ்வாரத்து ஓடு பாதி சரிந்தது. செங்கல்வராயன் மனைவி சாரதாம்பாள், "ஐப்பசி மழைக்கு இந்தக் கூரை நிக்காது. எங்க அக்கா வூட்டுக்குப் போறேன். நீ உன் ரசீத விரிச்சிகினு அது கீய படுத்துக்கோ" என்று சொல்லிவிட்டாள். கையிருப்பு பத்தாது. கடன் கேட்டு வங்கிக்குப் போனார். அங்கே ரசீதுக் கட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பட்டா கேட்டார்கள். பட்டா மாற்ற வாரிசு சான்று கேட்டார்கள். நேரே என் கடைக்கு வந்தார்.

"இன்னா தங்கச்சி, எம்மாம் ரசீது வச்சிகினு கீறேன், ஒருத்தனும் மதிக்க மாட்றான். பேஜாரா கீது. அந்த வாரிசு சர்டிபிகேட்ட போட்டுக் குடு. என் பேரு மட்டும்."

"ராஜம் அக்கா பேரு?"

"அவ எதுக்கு? கட்டிக் குடுத்தாச்சு இல்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரியை வாய் நிறையத் தங்கச்சி என்பார், கூடப்பிறந்தவள் பெயரை எடுத்தால் மூஞ்சி சுளிக்கும்.

"வாரிச மறைச்சி எழுதிக் குடுத்தா கேஸாயிடும் அண்ணாத்த. உன்னோட சேத்து என்னையும் உள்ள தள்ளுவாங்க. சனிக்கிழமை வா, வக்கீலம்மா வருவாங்க. அவங்கள கேளு" என்றேன்.

கீர்த்தனா எங்கள் பக்கத்துப் பெண், செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல். சனிக்கிழமை மாலைகளில் என் கடையில் உட்கார்ந்து ஊர் ஜனங்களுக்கு இலவசமாக யோசனை சொல்வாள். செங்கல்வராயன் ரசீதுக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவளும் பொறுமையாகப் பார்த்தாள்.

"இது நீங்க வரி கட்டினீங்கன்னு காட்டும் சார். வீடு யாருதுன்னு காட்டாது."

"டிக்கெட் வாங்கினவனுக்குத்தானே சீட்டு?"

"இது பஸ் இல்ல சார். அப்பா சம்பாதிச்சு வாங்கின வீடு, உயில் எழுதாம போயிட்டாரு. மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி."

"பதினஞ்சு பவுன் போட்டுக் கட்டிக் குடுத்தோம்."

"நகை நகைதான். பங்கு பங்குதான்."

"எம்பத்தொம்போதுக்கு முன்னால கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பங்கு கெடையாதுன்னு டீக்கடையில பேசிக்கிறாங்கோ. அவளுக்கு எம்பத்தெட்டுல ஆச்சு."

"அது பூர்வீகச் சொத்துக்குச் சொன்ன பேச்சு. அதுவும் இப்ப மாறிப்போச்சு. அப்பா சொந்தமா வாங்கினதுல அந்தப் பேச்சுக்கே எடமில்ல."

"கரண்ட் பில்லு என் பேர்ல கீது."

"கரண்ட் உங்களுது."

"ரேஷன் கார்டு?"

"அரிசி உங்களுது."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம் போல, "பன்னெண்டு வருஷம் ஒருத்தனே அனுபவிச்சா அவனுதாமே? எனக்குப் பதினொன்னு முடிஞ்சிட்ச்சி" என்றார்.

"கூடப்பொறந்தவங்க நடுவுல அது அவ்வளவு சுலபத்துல செல்லாது சார். அதுவும் அவங்க வருஷா வருஷம் வந்து வரி கட்டிட்டிருக்காங்க. உங்க சண்டையே உங்களுக்கு எதிரான சாட்சி."

அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

கீர்த்தனா வழியும் சொன்னாள். வாரிசு சான்றில் இரண்டு பேர். அதை வைத்துக் கூட்டுப் பட்டா. கடன் மனுவில் இரண்டு பேர் கையெழுத்து. ராஜத்துக்கு மனமிருந்தால் தன் பாதியை விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தரலாம், அது அவள் இஷ்டம். எப்படிப் பார்த்தாலும் ராஜம் கையெழுத்துப் போடாமல் அந்தக் கூரைக்கு ஒரு ஓடுகூட வராது. மழைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

"நான் போய்க் கேக்க மாட்டேன்" என்றார்.

"அப்ப நனை" என்றேன்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆள் கடைக்கு எதிரே வந்து நிற்பார், பஸ்ஸைப் பார்ப்பது போலப் பாவனை செய்வார், போய்விடுவார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நானே ராஜத்துக்கு போன் போட்டேன். அவளும் என் வாடிக்கைதான். அவளுடைய ரசீதுகளுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. விஷயத்தைச் சொன்னதும் சுண்டல் தாளிக்கிற சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

"கையெழுத்து போடறேன்மா. ஆனா சும்மா போட மாட்டேன். பதினோரு வருஷம் பொங்கச் சீரு வரல. அத்த அவரே தூக்கியாந்து என் கையில குடுக்கச் சொல்லு."

இதைச் சொன்னதும் செங்கல்வராயன் குதித்தார். ஆவணி மாதத்தில் எவன் பொங்கல் சீர் செய்வான் என்றார். தான் ஒரு ரிட்டயர்டு அரசு ஊழியர் என்றார். மறுநாள் காலை பதினோரு கிலோ பச்சரிசி, பதினோரு அச்சு வெல்லம், விரலி மஞ்சள் பதினோரு பொட்டலம் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கரும்புதான் பெரிய தலைவலி. தைக்கு இன்னும் ஐந்து மாதம். கேளம்பாக்கத்தில் ஜூஸ் வண்டிக்காரனிடம் கெஞ்சிப் பதினோரு கரும்பு வாங்கியிருந்தார். தோல் சீவியது. தோகை கிடையாது. பார்க்க வெள்ளைக் கழி மாதிரி இருந்தது.

கையெழுத்து வாங்க மனுவும் பேனாவும் எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். பஸ் வந்தது. ஏறப்போனவரைக் கண்டக்டர் பையன் மறித்தான்.

"கரும்பெல்லாம் ஏத்தக் கூடாது பெரியவரே. பாசஞ்சர் கண்ணுல குத்திடும்."

"நான் ஸ்டாஃப்பு."

"ஸ்டாஃப்பா இருந்தா ரூல் தெரியுமே."

முப்பத்தோரு வருஷம் எத்தனை பேரின் கரும்புக் கட்டை இவர் அப்படி இறக்கிவிட்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அவரும் நினைத்திருக்க வேண்டும், பதில் பேசாமல் இறங்கிவிட்டார். ஷேர் ஆட்டோவில் கரும்பைக் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் எதிரே வந்தவன் ஒவ்வொருவனும் திட்டினான்.

படகுத் துறைக்கு வெளியே ராஜம் மாங்காயைக் கீறிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை. அவர் அரிசி, வெல்லம், மஞ்சள் என்று ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னால் வைத்தார். கடைசியில் கரும்பை நீட்டினார்.

"இன்னாண்ணா, ஜூஸ் கரும்பு?"

"இப்ப இதாம்மா கெடச்சுது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. சுண்டல் வாங்க வந்த காதலர்கள் இருவர் பயந்து நகர்ந்துவிட்டார்கள்.

"அண்ணன் கூப்புடாம எந்த மூஞ்சிய வச்சிகினு பொறந்த வூட்டுக்கு வர்றது? பங்கு போயிடுமோன்னுதான் மொதல்ல வந்து வரி கட்டுனேன். அப்புறம் அதுவே ஒரு சாக்கா பூட்ச்சி. கட்டிட்டு நம்ம தெரு வழியா நடந்து, வூட்ட ஒரு தபா பாத்துட்டு பஸ் ஏறுவேன். ஓடு சரியப் போவுதுன்னு எனக்குத் தெரியும்ண்ணா. உத்தரம் ஏப்ரல்லயே ஒரு பக்கமா எறங்கிக் கெடந்துது" என்றாள் ராஜம்.

செங்கல்வராயன் கரும்பைக் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "தப்புதாம்மா" என்று ஒரு வார்த்தை வந்தது. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

மனுவை நீட்டினேன். ராஜம் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டாள். விடுதலைப் பத்திரம் பற்றியும் சொல்லி வைத்தேன், சொல்லவேண்டியது என் கடமை.

"அது மட்டும் நடக்காது. கடனுக்குக் கையெழுத்து போடறேன், என் பங்க வுட மாட்டேன். அப்பா எனக்கும்தான் அப்பா" என்றாள்.

செங்கல்வராயன் அதற்கும் தலையாட்டினார்.

வாரிசு சான்று வர ஒரு மாதம் ஆனது. கூட்டுப் பட்டா வந்தது, அதன் பின்னால் கடனும் வந்தது. மழை பிடிப்பதற்கு முன்னால், ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுகிற நாளில் வேடிக்கை பார்க்க நானும் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன். கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு செங்கல்வராயன் எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார், ஒருவரும் கேட்கவில்லை. அப்போது ராஜம் வந்தாள். கையில் ஒரு தூக்கு நிறையச் சுண்டல். வாசல்படிக்கு முன்னால் வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. பட்டாவில் பெயர் ஏறியவளுக்குப் படி ஏறக் கால் வரவில்லை.

அவர் பார்த்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

"இன்னாத்துக்கு வெளியவே நின்னுகினு கீற? உன் வூடும்மா. உள்ள வா."

"பாதிதாண்ணா" என்று அவரைத் திருத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜம் உள்ளே போனாள்.