நம்பரை மாற்றாதீர்கள்!

சமீபத்தில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு லேப் மேனேஜர் என்னைத் திருடன் என்று சொல்லாத குறைதான்.

விஷயம் இதுதான். என் அக்கா அந்த லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ரிசல்ட் போனுக்கு லிங்க்காக வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதனால் இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள்.

"இன்னாடா போட்டுகீது?"

"நான் மாமா ஆகப்போறேன்க்கா!"

சிரித்தாள். உடனே முகம் மாறியது. "மூணு மாசம் முடியட்டும்டா. அதுவரைக்கும் ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது."

போன தடவை தெருவெல்லாம் சொல்லி, கரு கலைந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே நொந்துபோனவள் அவள்.

எனக்கு சிறுசேரியில் சைபர் செக்யூரிட்டி வேலை. வைரஸ்களை அக்கக்காகப் பிரித்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. கை சும்மா இருக்குமா? லிங்க்கின் கடைசியில் ஒரு நம்பர். ஒன்றைக் கூட்டினேன்... யாரோ ஒருவரின் ரிப்போர்ட், பெயரோடு, வயதோடு! பாஸ்வேர்டு? அந்த வம்பே வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஓட்டையைக் கண்டால் உரியவரிடம் மட்டும் சொல். அவர் அடைக்கும்வரை வேறு யாரிடமும் மூச்சு விடாதே. அக்காவிடம்கூட நான் சொல்லவில்லை. நேராக லேபுக்குப் போனேன். வாசலில் 'முழுவதும் டிஜிட்டல்' என்று ஆளுயர பேனர்.

"நீ இன்னா, ஹேக்கரா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். அதை அடைக்கச் சொல்லத்தான் வந்தேன்."

"எல்லாரும் ஒழுங்காத்தானே பாக்குறாங்க? உன்னை யாரு நம்பரை மாத்தச் சொன்னது? போலீஸ்ல சொல்லட்டா?"

பூட்டு இல்லை சார் என்றால், கதவை ஏன் தள்ளினாய் என்கிறார். எப்பேர்ப்பட்ட மூளை!

ஆனாலும் நடவடிக்கை எடுத்தார். லேபுக்கு வந்த அத்தனை பேருக்கும் மெசேஜ் — "லிங்க்கின் கடைசியில் உள்ள நம்பரை மாற்றி, பிறர் ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டாம்."

சும்மா இருப்பார்களா? தாம்பரமே நம்பரை மாற்றியது!

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு சாந்தி அக்கா மாங்காயோடு வந்தார். "அடிக் கள்ளி! லேப்ல பாத்தப்ப சுகர் டெஸ்ட்டுன்னு சொன்னியே! மாத்தாதேன்னு மெசேஜ் வந்துச்சா, மாத்திப் பாத்தேன். எனக்கு அடுத்த நம்பர் நீதான்டி!"

என் அக்கா மாங்காயை வாங்கிக்கொண்டாள். அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"இப்படிப் பாக்கலாம்னு உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"தெரியும்க்கா. அன்னைக்கே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

"அந்த ரிப்போர்ட்டு அந்தாளுதா, என்துதா? என்கிட்ட சொல்லியிருந்தா, அதை அழிக்கிற வரைக்கும் அங்கியே உக்காந்திருப்பேனே!"



'உரியவரிடம் மட்டும் சொல்' என்று விதி எழுதிய மேதாவிக்கு அக்கா கிடையாது போல!